ஆள் ஏறாத வேன் விற்பனைக்கு

வாகனப் பராமரிப்பில் உலகத்திலேயே முதலிடம் ஜெர்மானியர்களுக்கு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சிவகாசிக்கு வந்ததில்லை. ஜெர்மானியன் வண்டி செய்வான், அதை ஓட்டுவான், ஓட்டித் தேய்த்துவிடுவான். ஒரு வண்டியைத் தேயவே விடாமல் இருபத்தெட்டு ஆண்டுகள் வைத்திருக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பூமியில் நாங்கள் மட்டும்தான்.

நாங்கள் என்றால், 'விருதுநகர் மாவட்டப் பட்டாசு, தீப்பெட்டி மற்றும் சார்புத் தொழிலதிபர்களின் தொழிலாளர் நேசச் சங்கம்'. பெயரை வாசித்து முடிப்பதற்குள் ஆயிரம் வாலாச் சரம் ஒன்று வெடித்து ஓய்ந்துவிடும் என்பதால் சுருக்கமாக நேசச் சங்கம். நான் அதன் அலுவலகக் கண்காணிப்பாளர், நல்லசிவம். என்னால் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் டிரைவர் சவரியப்பன். இன்னொருவர் நான்.

வண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1979-ல் ஓட்டோ என்ற ஜெர்மானியரும் அவர் மனைவி இங்க்ரிட்டும் தங்கள் ஊரிலிருந்து தரைவழியாகவே இந்த வேனில் இந்தியா வந்தார்கள். மேலே பாலாடை நிறம், கீழே பச்சை. உள்ளே மடக்குக் கட்டில், மெத்தை, கேஸ் அடுப்பு, கை பம்பை அமுக்கினால் தண்ணீர் கொட்டும் சின்னத் தொட்டி, ஜன்னலுக்குக் கட்டம் போட்ட திரை. வீட்டுக்குச் சக்கரம் வைத்த மாதிரி. வெம்பக்கோட்டைப் பக்கம் வைப்பாற்றங்கரையில் வேனை நிறுத்தித் தங்கியிருந்தபோது இங்க்ரிட்டம்மாவுக்கு டைபாய்டு கண்டது. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அந்த மாதத்தில்தான் அதே கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்தது. வெந்து போனவர்களை மாட்டு வண்டியில் ஏற்றிப் போனதை ஓட்டோ பார்த்தார். ஊருக்கு விமானத்தில் திரும்பினார்கள். வேனை விட்டுப் போனார்கள். கூடவே ஒரு கடிதம்: 'இதில் படுத்துக்கொண்டே போகலாம். இனி அவர்களை ஆஸ்பத்திரிக்கு இதில் கொண்டுபோங்கள்.'

இப்படிப்பட்ட அருமையான பொருளைத் தொழிலாளர்கள் கையில் விடலாமா? விட்டால் அவர்கள் அதைப் பயன்படுத்திவிடும் அபாயம் இருந்தது. எனவே நேசச் சங்கம் பொறுப்பேற்றுக்கொண்டது.

உடனே ஒரு பராமரிப்புக் குழு அமைக்கப்பட்டது. அச்சுக்குப் பேர்போன ஊரில் லெட்டர் பேடு அடித்தபோது ஒரு கால் கூடுதலாக விழுந்து 'பாராமரிப்புக் குழு' என்று வந்துவிட்டது. அடித்த தாள் தீரட்டும், மாற்றலாம் என்றார்கள். தாள் இன்னும் தீரவில்லை. அதில் எழுத்துப் பிழை இருக்கலாம். பொருட்பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குழுவின் முதல் இரண்டு ஆண்டுகள் எஞ்சினைத் தேடுவதில் கழிந்தன. முன்பக்கத்தைத் திறந்தால் ஸ்டெப்னி டயர்தான் இருந்தது. வெள்ளைக்காரன் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான் என்று போலீசில் புகார் எழுதும் கட்டத்தில்தான், அது பின்பக்கம் இருப்பதை ஒரு மெக்கானிக் கண்டுபிடித்தார். அதன்பிறகு விதிகள் வகுத்தோம். வெயில் ஆகாது. மழை ஆகாது. செருப்போடு ஏறக் கூடாது. காயத்தோடு ஏறக் கூடாது. அவசரத்துக்கு வேன் வேண்டுவோர் உரிய படிவத்தில், நான்கு கையொப்பங்களுடன், மூன்று நாட்களுக்கு முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். எதற்கு மூன்று நாட்களுக்கு முன்னதாக என்று சிலர் கேட்டார்கள். விபத்துக்குத்தான். திட்டமிடாமல் விபத்தில் சிக்குகிறவர்களுக்குச் சங்கம் என்ன செய்ய முடியும்?

விதிகளுக்கு ஒரே ஒரு விலக்கு. மெத்தையின் தரத்தைப் பரிசோதிக்கும் பொருட்டு, தலைவர் அய்யாதுரை முதலாளி மட்டும் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் அதில் படுப்பார். பரிசோதனை நடப்பது குறட்டையில் தெரியும்.

சவரியப்பன் 1985-ல் டிரைவராகச் சேர்ந்தான். வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, ஸ்டார்ட் செய்து, பத்து மீட்டர் முன்னால் எடுத்து, பத்து மீட்டர் பின்னால் விடுவான். அவன் சேர்ந்த நாளிலிருந்து வண்டி ஓடிய தூரம் இருபத்து மூன்று கிலோமீட்டர். அவ்வளவும் எங்கள் குடோனுக்குள்ளேயே.

அவன் விசுவாசத்துக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். 1991-ல் அவன் மனைவி வினோலியாவுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே விருதுநகர் கொண்டுபோங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். வேன் சாவி சவரியப்பன் சட்டைப் பையில் இருந்தது. வேன் பத்தடியில் நின்றது. ஒழுங்கு தெரிந்தவன், விண்ணப்பம் எழுதி என்னிடம் நீட்டினான். நானும் ஒழுங்கு தெரிந்தவன். 'பரிசீலனையில்' என்று எழுதிக் கோப்பில் சேர்த்தேன். அவன் வினோலியாவைத் தீக்குச்சி லோடு ஏற்றி வந்த டெம்போவில் கொண்டுபோனான். பிள்ளை தங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை அவன் வழக்கம்போல் வந்து வேனைக் கழுவினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் ஊழியர் எந்தச் சங்கத்துக்குக் கிடைப்பார்?

2007-ல் சங்கத்துக்கு முப்பதாம் ஆண்டு. அதற்கு ஊர் எல்லையில் 'மனிதநேய வளைவு' ஒன்று கட்டுவது என்று செயற்குழு முடிவெடுத்தது. வளைவின் உச்சியில் இரண்டு கைகள் ஒரு தொழிலாளியைத் தாங்கிப் பிடிக்கும். சிமெண்டில்.

"அதுக்குத் துட்டுக்கு எங்க போறது?" என்றார் ஓர் உறுப்பினர். "அந்த மெத்தை வேன் சும்மாதான நிக்குது, வித்துருவமா?"

"சும்மா நிக்கல. பராமரிக்கப்படுது," என்றேன்.

"பழைய இரும்பு வெலைக்குத்தான்யா போகும்."

தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பழசா? ஆளே ஏறாத வண்டி எப்படிய்யா பழசாகும்? ஏறி ஏறி எறங்குனாத்தான பழசு!"

அந்தத் தர்க்கம் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

காலத்துக்கு ஏற்றபடி இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுப்பது என்று ஏற்பாடு. என் அக்கா மகள் செல்வலட்சுமி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். போட்டோக்களை ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, வண்டி நெலம எப்படின்னு கேக்குது. சுமார், நல்லது, மிக நல்லது. எத அமுக்க?"

"அதுக்கு மேல ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

"அப்ப மிக நல்லதுன்னு போட்டு ஆச்சரியக்குறி வையி."

"இதுவரைக்கும் எத்தன பேரு யூஸ் பண்ணிருக்காக?"

"சைபர்."

"விக்கிறதுக்குக் காரணம்?"

"உபயோகமில்லை."

செல்வலட்சுமி கையை எடுத்துவிட்டாள். "நல்ல வண்டிங்கீக. பெறகு ஏன் மாமா உபயோகிக்கல?"

"உபயோகிச்சிருந்தா நல்ல வண்டியா இருக்குமா?"

படித்த பெண். மேற்கொண்டு கேட்காமல் அடித்தாள்.

மூன்றாவது வாரம் சென்னையிலிருந்து கோகுல்நாத் என்பவர் வந்து இறங்கினார். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. அரைக்கால் டவுசர் போட்டிருந்தார். "பேன்ட் வாங்க வழியில்லாதவரு வேன் வாங்குவாராய்யா?" என்று தலைவர் என் காதில் கேட்டார். நான் அது ஃபேஷன் என்று விளக்கினேன்.

"தம்பி, இத வாங்கி என்ன செய்யப் போறீக? கல்யாண வாடகைக்கா?" என்றார் தலைவர்.

"இல்ல சார். சும்மா எங்கயாவது மலைப் பக்கம் போய், வண்டிய நிறுத்திட்டு, உள்ளயே சமைச்சு சாப்ட்டுத் தூங்கறது."

தலைவர் பதறிவிட்டார். "ஏன், வீடு இல்லியா?"

"இருக்கு சார். மூணு பெட்ரூம்."

"பெறகு?"

"ஒரு சிம்பிளிசிட்டி, சார்."

தலைவர் தலையாட்டினார். மெத்தையில் படுத்த அனுபவம் அவருக்கும் உண்டு.

கோகுல்நாத் டார்ச் அடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்தபோது அவர் முகத்தில் பக்தி தெரிந்தது. "ரப்பர் எல்லாம் புதுசு. ஒரு பொட்டுத் துரு இல்ல. இப்படி மெயின்டெயின் பண்ண வண்டிய நான் பாத்ததே இல்ல சார். யாரு பண்றது?"

தலைவர் அடக்கத்தோடு தன் நெஞ்சில் கை வைத்தார். கோகுல்நாத்தின் பார்வை சவரியப்பனின் கிரீஸ் ஏறிய நகங்களுக்குப் போயிற்று.

"தொட்டியில தண்ணிகூட இருக்கே?"

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம புதுத் தண்ணி மாத்திருவேன் சார்," என்றான் சவரியப்பன்.

"எதுக்கு?"

"என்னிக்காச்சும் யாராச்சும் ஏறுனா..."

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

விலை படிந்தது. வெம்பக்கோட்டை அணை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுவதாகக் கோகுல்நாத் சொன்னார். இருபத்தெட்டு ஆண்டுகளில் முதல்முறையாக வேன் ரோட்டைப் பார்க்கப் போகிறது. தலைவர் தேங்காய் உடைத்தார். சவரியப்பன் ஓட்ட, சங்கச் சாட்சியாக நான் கோப்போடு ஏறிக்கொண்டேன்.

ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மன் வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். முன்னால் லாரி போனால், எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

"அண்ணாச்சி, போலாமா?" என்பான் சவரியப்பன்.

"பொறு," என்பேன்.

"இப்ப?"

"பாப்போம்."

அணைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் ஒரு கரும்பு டிராக்டரைக்கூட நாங்கள் தாண்டவில்லை. எந்தக் கோரிக்கைக்கும் உடனே சரி சொல்லிப் பழக்கமில்லாத இலாகா எங்களுடையது.

அணைக்கரையில் வேனை நிறுத்திக் கோகுல்நாத் வேனின் மடக்குக் கூரையைத் தூக்கினார், அடுப்பைப் பற்ற வைத்தார், டீ போட்டார். மூன்று பேரும் குடித்தோம். சவரியப்பன் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மெத்தையை ஒரு தட்டுத் தட்டினான். "நல்லா வச்சுக்கிடுங்க சார்," என்றான்.

திரும்பி வரும்போது மணி பதினொன்று இருக்கும். தாயில்பட்டிக்குச் சாலை பிரியும் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் சத்தத்துக்கு யாரும் திரும்ப மாட்டோம். புகையின் நிறத்தைத்தான் பார்ப்போம். மெல்லிசாக வெள்ளையாகப் போனால் எவனோ சரக்கு வெடித்துப் பார்க்கிறான் என்று அர்த்தம். இது கனத்துச் சாம்பல் நிறத்தில் வேலிக்கருவைக்கு மேலே எழும்பிற்று. பின்னாலேயே அழுகைச் சத்தம் வந்தது.

எந்தக் கம்பெனி என்று நான் சொல்ல மாட்டேன். தலைவருக்கு வேண்டப்பட்டவர்கள்.

ரோட்டுக்கு நடுவில் ஒரு பெண் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. முகமெல்லாம் அலுமினியப் பொடி. வெள்ளி முலாம் பூசியது போலிருந்தது. அதில் கண்ணீர் இறங்கிய இடம் மட்டும் கறுப்பு.

"நிப்பாட்டுங்கய்யா! மூணு பேரு வெந்து கெடக்காக. கம்பெனி வேனு லோடு எறக்கப் போயிருச்சு. ஏத்திக்கிடுங்கய்யா!"

கருவை மர நிழலில் மூன்று பேரைச் சாக்கில் கிடத்தியிருந்தார்கள். வயசாளி பெத்தணன். வாலிபன் முனியராஜ். அடுத்தது வேல்விழி என்கிற பெண், பத்தொன்பது வயது. அவள் தன் கைகளை உடம்பில் படாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் இறங்கினேன். என் கடமையைச் செய்தேன். கோப்பைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்துப் பேச்சியம்மாளிடம் நீட்டினேன்.

"என்னதுங்கய்யா இது?"

"விண்ணப்பம்மா. வேன் வேணும்னா..."

அவள் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத எங்கனய்யா கட்டணும்? கையிலயா?" என்று கேட்டாள். காயத்துக்குப் போடுகிற ஏதோ துணி என்று நினைத்துவிட்டாள்.

நான் தலைவருக்குப் போன் போட்டேன். நல்லவேளை, டவர் கிடைத்தது.

"மொதலாளி, தாயில்பட்டி விலக்குல ஒரு ஷெட்டு போயிருச்சு. மூணு பேரு. நம்ம வேன்ல ஏத்தலாமான்னு..."

"யோவ்! கைக்கு வந்த பார்ட்டிய்யா. மெத்த என்னத்துக்கு ஆகும்?"

"ஆள் உசுரு, மொதலாளி."

"நான் வேண்டாம்னு சொன்னனா? நான் ஒருத்தன் முடிவு பண்ற விசயமாய்யா இது? கூட்டத்துல வைக்கணும். அடுத்த கூட்டம் எப்ப?"

"பதினேழாந்தேதி."

"அன்னிக்கு அஜெண்டாவுல மொத வரியில போட்டுருவம். அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லு."

போனைக் காதில் வைத்தபடியே திரும்பினேன். வேனின் பக்கக் கதவு அகலத் திறந்திருந்தது. சவரியப்பன் பெத்தணனைத் தூக்கி மெத்தையில் கிடத்திக்கொண்டிருந்தான்.

"சவரி! மொதலாளி லைன்ல இருக்காரு!"

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"பரிசீலன பண்ணாம..."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். "எனக்கு ஒருக்கப் பண்ணீகளே, அது போதும்," என்றான். "ஏறுங்க. ரைட்டு சைடு பாக்க ஆள் வேணும்."

ஏறினேன்.

பேச்சியம்மாள் பெத்தணன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முனியராஜ் தரையில் முடங்கினான். சிம்பிளிசிட்டி தேடி வந்த கோகுல்நாத் மண்டி போட்டு, ஒரு கையால் பம்பை அமுக்கிக்கொண்டே இன்னொரு கையிலிருந்த டீ தம்ளரில் தண்ணீர் பிடித்து வேல்விழியின் கைகளில் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி வரும்வரை தொட்டியில் தண்ணீர் வந்தது. அவள், "கம்மலுக்குள்ள இருக்க அரக்கு உருகிருச்சாண்ணே, பாருங்க," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பொள்ளல் நகைக்குள் அரக்கு அடைத்திருப்பார்கள் என்று தெரியாத அவருக்கு அது புரியவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல," என்று மட்டும் சொன்னார்.

சவரியப்பன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. இருபத்தெட்டு வருசம் பேசாதிருந்த ஹாரன், பேசித் தீர்த்தது.

"அண்ணாச்சி, போலாமா?"

முன்னால் ஒரு பஸ். நான் தலையை வெளியே நீட்டினேன். "போலாம்!"

"இப்ப?"

"போலாம்! வா, வா, போலாம்!"

பதினான்கு வண்டிகளைத் தாண்டினோம். பதினான்கு முறை 'போலாம்' சொன்னேன். என் சர்வீஸில் ஒரு கோரிக்கைக்கு அந்த இடத்திலேயே சரி சொன்னது அன்றைக்குத்தான். அத்தனையும் வாய்மொழி உத்தரவு, கோப்பில் இல்லை. போன் என் மடியில் கிடந்து, "நல்லசிவம்... யோவ் நல்லசிவம்..." என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தது. சிவகாசி எல்லை வந்தபோதுதான் ஓய்ந்தது.

இருபது நிமிஷத்தில் பெரியாஸ்பத்திரி. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது டாக்டர் கேட்டார், "யாரு இந்தப் பொண்ணு கையில தண்ணி ஊத்திக்கிட்டே வந்தது? நல்ல காரியம் பண்ணீங்க." கோகுல்நாத் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெறும் தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முனியராஜ் ஒரு மாதத்தில் வீட்டுக்குப் போனான். வேல்விழி பிழைத்துக்கொண்டாள். இடது கையில் மூன்று விரல்கள் ஒட்டிக்கொண்டன. வலது கையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மடங்குகின்றன என்கிறார்கள். பெத்தணன் நான்காவது நாள் இறந்துபோனார். அவர் மனைவி என்னைத் தேடி வந்து, "கடைசியா மெத்தையில படுத்துப் போனாராம்ல. பேச்சி சொன்னா," என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். சங்கத்துக்கு எழுத்து மூலமாக வராத பாராட்டு என்பதால் அதை நான் பதிவு செய்ய முடியவில்லை.

கோகுல்நாத் அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு ஈமெயில். செல்வலட்சுமி அச்செடுத்துக் கொடுத்தாள். 'வண்டியில் ஒரு குறையும் இல்லை. இன்னும் நாற்பது வருடம் ஓடும். ஆனால் அதில் என்னால் தூங்க முடியாது. விற்காதீர்கள். ஓட்டுங்கள்.'

தலைவர் மூன்றாவது வரியோடு நிறுத்திக்கொண்டார். "பார்ட்டி போயிருச்சு," என்றார்.

சங்கத்தின் முப்பதாண்டு வரலாற்றில் முதல் அவசரக் கூட்டம் கூடியது. தாயில்பட்டி விபத்துக்காகவா என்று ஒரு நிருபர் போனில் கேட்டார். இல்லை, மெத்தைக்காக என்று உண்மையைச் சொன்னேன். வெடிப்பு அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். மெத்தை சங்கத்தின் சொத்து.

சவரியப்பன் மீதான குற்றச்சாட்டுகளை நான்தான் டைப் செய்தேன். அனுமதியின்றி ஆள் ஏற்றியது. உறுப்பினர் அல்லாதோரைக் கட்டிலில் கிடத்தியது. தொட்டித் தண்ணீரைக் காலி செய்தது. ஹாரனைத் தொடர்ச்சியாக உபயோகித்துப் பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்தது. இந்தக் கடைசி ஒன்று பட்டாசு முதலாளிகள் சங்கத்தில் நிறைவேறியது என்பதைப் பின்னால் வருகிறவர்கள் நம்பாமல் போகலாம். கோப்பு என்னிடம் இருக்கிறது.

"என்ன சொல்லுதலே?" என்றார் தலைவர். "மெத்தையப் பாத்தியா? ரெத்தமும் தோலும். எவன் இனி படுப்பான்?"

"படுக்கத்தான மொதலாளி குடுத்தாக?" என்றான் சவரியப்பன். "படுக்க முடியாதவுகளுக்கு."

"இருவத்திரண்டு வருசம் சோறு போட்ட சங்கம்லே இது."

"ஆமா மொதலாளி. அந்தச் சோறு செமிச்சது அன்னிக்குத்தான்."

சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான். இப்போது திருத்தங்கலில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். காலையும் மாலையும் முப்பது பிள்ளைகள். வண்டியை அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லையாம்; மிட்டாய்க் காகிதமும் பென்சில் சீவலுமாகக் கிடக்கிறதாம். என்னிடம் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

டிரைவர் போன பிறகு கூட்டம் என் பக்கம் திரும்பியது.

"நல்லசிவம், நீரும் வண்டியில இருந்தீரு."

"இருந்தேன் மொதலாளி."

"விதி தெரிஞ்ச மனுசன். ஏத்துறதுக்கு முன்னாடி விண்ணப்பம் கேட்டீரா?"

"கேட்டேன் மொதலாளி. ஃபார்மும் குடுத்தேன்."

அவையில் ஒரு நிம்மதி பரவியது. ஓர் உறுப்பினர், "அப்படிப் போடு," என்று தொடையில் தட்டினார். தலைவர் கையை நீட்டினார். "கொண்டாரும். கையெழுத்து இருந்தாப் போதும், ஆடிட்டருக்குக் காட்டிக்கிடலாம்."

"கையெழுத்து வாங்கல."

"ஏன்?"

"வெந்து போச்சு, மொதலாளி. கை."

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பது ஆண்டுகளாக அவரைப் பார்த்து வருகிறேன். அவ்வளவு ஆழமாக அவர் யோசித்து நான் கண்டதில்லை. ஒருவேளை அவர் மனதில் ஏதோ அசைகிறது என்று நினைத்தேன்.

தலைவர் நிமிர்ந்தார்.

"சரி," என்றார். "ஒரு கைநாட்டாவது வாங்கியிருக்கலாம்லய்யா?"

கூட்டம் ஆமோதித்தது. கைரேகை பெறத் தவறிய அலட்சியத்துக்காக அலுவலகக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வழங்குவதென்று தீர்மானம் நிறைவேறியது. மிகவும் நியாயமான தீர்மானம். அந்த எச்சரிக்கையை நானே டைப் செய்தேன், நானே பெற்றுக்கொண்டேன், பெற்றுக்கொண்டதற்கு அடியில் தேதி போட்டு, தெளிவாக, முழுப் பெயரும் எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு விரல்கள் பத்தும் நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தன.